வெள்ளிக்கிழமை வரும் ஆர்.ஐ.

என் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். திருத்தணி ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், கணினி ரிப்பேர் பார்க்கும் சின்னக் கடை அது. உட்கார ஒரே ஒரு நாற்காலிதான். அதில் உட்காருகிறவர் கண் நேராகத் தாளின் மேல்தான் விழும். பாதி படிக்கும்போதே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கேள்வி: செக்கிங் புரோகிராம் ஓடும்போது நான் பக்கத்திலேயே இருக்க வேண்டுமா?
பதில்: எழுந்து போகலாம். ஆனால் அது கேள்வி கேட்டுவிட்டு உங்கள் பதிலுக்காக அப்படியே நிற்கும். தாலுகா ஆபீஸில் நீங்கள் நின்றதில்லையா?

கேள்வி: பாதியில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகலாமா?
பதில்: தாராளமாக. திரும்பி வந்ததும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். உங்களுக்குத்தான் கோபம் வரும், அதற்கு வராது.

கேள்வி: எல்லாம் நன்றாக இருக்கிறது என்று போன வாரம் சொன்னதே, இன்று ஏன் சிஸ்டம் எழுந்திருக்கவே இல்லை?
பதில்: ப்ளக் போட்டீர்களா?

கேள்வி: சத்தம் கேட்டதா என்று கேட்கிறது. இங்கே தறி ஓடுகிறது. என்ன சொல்வது?
பதில்: தறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். தெருவே உங்களைக் கும்பிடும்.

இப்படிப் பதினோரு கேள்விகள். எல்லாம் நானே யோசித்து எழுதியவை என்று நினைத்து என்னைப் பாராட்டுகிறார்கள். பதில்கள் மட்டும்தான் என்னுடையவை. கேள்விகள் என் பாவா கேட்டவை. பாவா என்றால் என் அக்காவின் கணவர். எங்கள் பக்கத்தில் தமிழ் பேசுகிற வீட்டிலும் அந்த உறவுக்கு அதுதான் பெயர்.

அவருக்குப் பொதட்டூர்பேட்டையில் நான்கு பவர்லூம் தறிகள். சேலை பார்டருக்கு டிசைன் போட, நாற்பது வயதுக்கு மேல் கணினி கற்றுக்கொண்டார். அந்தக் கணினியைத் தறி ஓடும் அறையிலேயே வைத்தார். அறை முழுக்கப் பஞ்சு பறக்கும். மாதம் ஒருமுறை உள்ளே இருக்கும் ஃபேன் பஞ்சு அடைத்துக்கொண்டு நின்றுபோகும். பஸ் ஏறிப் போய்ச் சுத்தம் செய்து எனக்கு அலுத்துவிட்டது. ஒருநாள், கணினியின் ஒவ்வொரு பாகத்தையும் தானே சோதித்துப் பார்க்கும் புரோகிராம் ஒன்றை அதில் ஏற்றிக் கொடுத்தேன். வாரம் ஒருமுறை ஓட்டுங்கள், எங்கே கோளாறு என்று அதுவே சொல்லும் என்றேன். அது ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும். கேள்விகளுக்குத் தமிழில் அர்த்தம் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். இடதுபக்கப் பொத்தான் ஆமாம், வலதுபக்கம் இல்லை.

ஓட்டிப் பார்த்த முதல் நாளே போன் வந்தது. "மச்சான், இன்னாடா இது, ஆர்.ஐ. வந்த மாதிரி நிக்க வெச்சிக் கேள்வி கேக்கறான்?" என்றார். ஆர்.ஐ. என்றால் வருவாய் ஆய்வாளர். அன்றிலிருந்து அந்தப் புரோகிராமுக்கு ஆர்.ஐ. என்றே பெயர் நிலைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆர்.ஐ. வருவார். பத்தேகாலுக்கு என் போன் அடிக்கும்.

அக்காவின் குரலும் கூடவே கேட்கும். நான் சொல்வதையெல்லாம் பக்கத்தில் நின்று திருப்பிச் சொல்லிக்கொண்டே இருப்பாள். "ஃபேன பாக்கச் சொல்றான்... மறுபடி ஆன் பண்ணச் சொல்றான்..." எனக்கு எரிச்சலாக வரும். நான் முன்கோபி. "ஏன்க்கா, நான் பாவாகிட்டதானே பேசறேன், நீ எதுக்கு நடுவுல?" என்பேன். "உனக்கு இன்னா நைனா, நீ பாட்டுக்குச் சொல்லு," என்று சிரிப்பாள். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருமுறை பாவா அரிசிச் சாக்கில் எதையோ சுற்றி மார்போடு அணைத்தபடி கடைக்குள் வந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார், சட்டையெல்லாம் வேர்வை. சாக்கைப் பிரித்தால் மானிட்டர்.

"ஆர்.ஐ. கரெக்டா புடிச்சிட்டாருடா. திரைல புள்ளி கீதான்னு கேட்டாரு. பாரு, நட்ட நடுவுல கீது. எனக்கே தெரியுது."

கட்டைவிரலால் தேய்த்தேன். புள்ளி விரலோடு வந்தது.

"பாவா, இது குங்குமம்."

"ஆங், உங்க அக்கா வெச்சது. வெள்ளிக்கிழம இல்ல?"

"இதைப் போயா புள்ளின்னு சொன்னீங்க?"

"புள்ளி கீதான்னு கேட்டாரு. இருந்துச்சு. ஆமான்னு சொன்னேன். இன்ஸ்பெக்‌ஷன்ல பொய் சொல்லலாமாடா?"

வயிறு வலிக்கச் சிரித்தோம். அக்காவுக்குப் போன் போட்டேன். "தறிக்கு வெக்கறேன், மீட்டர் பொட்டிக்கு வெக்கறேன், இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று என்னையே திட்டினாள். ஓரத்துச் சட்டத்தில் வை என்று கெஞ்சினேன். அதன்பிறகு சட்டத்தில்தான் வைத்தாள். பாவா திரும்பிப் போன பஸ்ஸில் கண்டக்டர் மானிட்டருக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டாராம். அதற்கும் என்னைத்தான் குறை சொன்னார். தாளில் ஏழாவது கேள்வி இந்தப் பொட்டைப் பற்றித்தான். அதைப் படித்துவிட்டுத் தங்கள் வீட்டுக் கணினியில் பொட்டு இருக்கிறதா என்று போன் போட்டு விசாரித்தவர்களும் உண்டு.

சத்தத்துக்கான சோதனையை அந்த நாட்களில் நான் ஒரே ஒருமுறைதான் நேரில் பார்த்தேன். புரோகிராம் மூன்று தடவை மெல்லிய பீப் ஒலி கொடுக்கும். பிறகு, சத்தம் கேட்டதா என்று கேட்கும். அதற்காக அக்கா நான்கு தறியையும் வரிசையாக நிறுத்தினாள். அந்த வீட்டில் பகல் வேளையில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கண்டதில்லை. பாவா திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவர் பார்த்தது திரையை அல்ல, அக்காவை. பீப் அடித்தது. அக்கா வலது கையைத் தூக்கிக் காட்டினாள். பாவா ஆமாம் என்று அமுக்கினார். தறி ஓடும் இடத்தில் யாரும் வாயால் பேசுவதில்லை, கையும் உதடும்தான் பேசும். கையைத் தூக்கினால் சரி என்று அர்த்தம். தறி நின்ற பிறகும் பழக்கதோஷத்தில் கையைத் தூக்குகிறாள் என்று நினைத்தேனே தவிர, வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு தை மாதத்தில் அக்கா போய்விட்டாள். காலையில் தலைவலி என்று படுத்தவள். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். சென்னைக்குக் கொண்டுபோய் மூன்று நாள் வைத்திருந்தோம். அவளுக்குக் குழந்தை இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பியபோது பாவா வாசல்வரை வந்து நின்றார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அக்கா இருந்தாள். அவள் போன பிறகு அவர் எனக்கு யார், நான் அவருக்கு யார்? சம்பந்தி வீடுகளில் இதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். பெண் போனதும் போக்குவரத்து குறையும், பிறகு கல்யாணப் பத்திரிகை மட்டும் வரும், பிறகு அதுவும் நின்றுபோகும். எங்களுக்கும் அப்படித்தான் ஆகப்போகிறது என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துப் பயந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்குப் போன் அடித்தது. "மச்சான், ஸ்பீக்கர் போச்சுங்கறாரு ஆர்.ஐ." அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வயரைச் சரியாகச் செருகிப் பார்க்கச் சொன்னேன். "ஆங், ஆங்," என்றார். பிறகு, சம்பந்தமே இல்லாமல் சிரித்தார். வைத்துவிட்டார்.

அதற்கடுத்த வெள்ளியும் அதேதான். அதற்கடுத்த வெள்ளியும். ஸ்பீக்கர் போச்சு. நான் ஒன்று சொல்வேன், அவர் வேறு ஒன்றைச் சொல்வார். "சத்தத்தைக் கூட்டி வெச்சீங்களா?" என்று கேட்டால், "சாப்பிட்டேன், சாப்பிட்டேன்," என்பார். துக்கத்தில் இருக்கிற மனிதர் என்று பொறுத்துக்கொண்டேன். ஆனால் பொறுமை என்பது எனக்கு எப்போதுமே கொஞ்சம்தான். வெள்ளிக்கிழமை காலையில்தான் கடையில் கூட்டம் சேரும். மூன்று பேர் நிற்கும்போது பத்து நிமிடம் கத்திக் கத்தி ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.

வைகாசியில் ஒருநாள் புது ஸ்பீக்கர் வாங்கிக்கொண்டு நேரிலேயே போனேன். தறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பழைய ஸ்பீக்கரிலேயே சோதனையை ஓட்டினேன். பீப் அடித்தது. சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததால் தெருமுனைவரை கேட்டிருக்கும். எனக்கு வந்ததே கோபம். "நல்லாத்தானே கேக்குது பாவா! இதுக்கா இத்தனை வாரம் என் உயிர எடுத்தீங்க? உங்களுக்கு இன்னா காதே இல்லியா?"

அவர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன். அவர் சிரித்தார். டீ வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு வெளியே போனார்.

அவர் வருவதற்குள் புரோகிராமில் அந்தச் சோதனையை எடுத்துவிட்டேன். ஒரு டிக் குறியை நீக்கினால் போதும், அந்தக் கேள்வியே வராது. வந்தவரிடம், திரையைப் பார்த்தபடியே, "இனிமே தொந்தரவு இல்ல பாவா, அந்தக் கேள்வியத் தூக்கிட்டேன்," என்றேன். அவர் டீ கிளாஸை என் பக்கத்தில் வைத்தார்.

அதோடு போன் நின்றது. முதல் வெள்ளிக்கிழமை நிம்மதியாக இருந்தது. இரண்டாவது வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்குக் கை தானாகப் போனைத் தொட்டது. பிறகு ஆனி முழுதும் போயிற்று. நானே கூப்பிட்டிருக்கலாம். எதற்காகக் கூப்பிட்டேன் என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று யோசித்தே நாளைக் கடத்தினேன். ஆடிக் கிருத்திகைக்கு, துக்க வருடத்தில் மலையேறாவிட்டாலும், சாப்பிடவாவது வருவார் என்று நம்பினேன். அக்கா இருந்தபோது ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. மலையேறி இறங்கியதும் இருவரும் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் சாப்பிட வருவார்கள். இந்த வருடம் ஊர் முழுக்கக் காவடியும் ஜனமுமாக இருந்தது. பாவா வரவில்லை. எங்கள் வீட்டில் அவருக்கென்று போட்டு வைத்த இலை கடைசிவரை அப்படியே கிடந்தது.

அவ்வளவுதான், உறவை அறுத்துவிட்டார் என்று எனக்குக் கோபம். என் மனைவிதான் சொன்னாள்: "நீங்க சண்டை போடறதா இருந்தாலும் நேர்ல போய்ப் போட்டுட்டு வாங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை போனேன். தெருவுக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் காதை அடைத்தது. பாவா வீட்டில் நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் நின்று கூப்பிட்டேன். அவர் முதுகு என் பக்கம் இருந்தது. அந்தச் சத்தத்தில் கேட்காததில் ஆச்சரியமில்லை. உள்ளே காலை வைக்கப் போனேன். அப்போது அவர் முதல் தறியை நிறுத்தினார். பிறகு இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. அக்கா நிறுத்தும் அதே வரிசை. போய்க் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"பாவா," என்றேன்.

அவர் திரும்பவில்லை. அறையில் மின்விசிறிகூட ஓடவில்லை.

"பாவா!" என்றேன், சத்தமாக.

அவர் பாட்டுக்குத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் அக்கா ஒவ்வொரு வார்த்தையையும் திருப்பிச் சொன்னது, தூக்கிய கை, "சாப்பிட்டேன், சாப்பிட்டேன்," எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. அத்தனை வருடம் தறி ஓட்டியதில் அவர் காது போயிருந்தது. எல்லாரும் கையாலும் உதட்டாலும் பேசுகிற தெருவில் அது யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவள் ஒருத்திதான். அவள் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட.

ஆர்.ஐ.யின் விசாரணை ஓடியது. வெள்ளைத் திரை வந்தது. புள்ளி தெரிகிறதா? அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இல்லை என்று அமுக்கினார். மேற்கொண்டு ஏதேதோ ஓடி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று முடிந்தது. மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். மறுபடியும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே முடிந்தது. மூன்றாவது தடவை ஓட்டப்போனபோது நான் போய்த் தோளைத் தொட்டேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "மச்சான்! நல்ல நேரத்துக்கு வந்தடா. அந்தக் கேள்வியக் காணம். மூணு மாசமா தேடிகினு கீறேன்."

அவர் முன்னால் உட்கார்ந்து, உதடு தெரிய, மெதுவாகச் சொன்னேன். "நான்தான் எடுத்துட்டேன் பாவா."

"நீயா? ஏன்டா?"

அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். "அன்னிக்கிக் கேட்ட இல்ல, காது இல்லியான்னு. ஆமான்னு சொல்லிடலாம்னுதான் நெனைச்சேன். வெக்கமா இருந்துச்சு."

"அப்ப எதுக்கு பாவா வாராவாரம் போன் பண்ணீங்க? நான் பேசறதுதான் கேக்கலியே!"

"கேக்காது. ஆனா நீ எடுத்துட்டன்னா நம்பருக்குக் கீழ நிமிஷம் ஓடும் இல்ல, அத்தப் பாத்துகினு இருப்பேன். நீ வெச்சிட்டா நின்னுடும்." பிடித்த கையை விடாமல், "ஸ்பீக்கர் போச்சுன்னாதான் கூப்புட முடியும். ஒன்னும் இல்லாம உன்ன எப்படிடா கூப்புடறது?" என்றார்.

நான் அழுதேன். தறியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, ஒரு வீட்டில் எப்படியெல்லாம் அழக்கூடாதோ அப்படியெல்லாம் அழுதேன். சென்னைக்கு வாங்க, காதுக்கு மெஷின் வைக்கலாம் என்று உதட்டசைவில் திரும்பத் திரும்பச் சொன்னேன். வேண்டாம் என்று தலையாட்டினார். தறி சரியாக ஓடுகிறதா இல்லையா என்பது தரையில் கால் வைத்தாலே தெரிகிறதாம். அது போதுமாம்.

புரோகிராமில் டிக் குறியைத் திரும்பப் போட்டேன். ஓட்டினார். மூன்று தடவை பீப் அடித்தது. சத்தம் கேட்டதா என்ற கேள்வி வந்து நின்றது. அவர் திரையைப் பார்க்கவில்லை. அக்கா வழக்கமாக நிற்கும் சமையலறை வாசலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வலது கையைத் தூக்கினேன்.

அவர் என் கையையே பார்த்தார். பிறகு திரும்பி, வலதுபக்கப் பொத்தானை அமுக்கினார். இல்லை.

"கேட்டுச்சு பாவா, நல்லா கேட்டுச்சு!"

"உனக்குக் கேட்டுச்சு. என்னை இல்ல கேக்கறாரு?" என்றார். "உங்க அக்கா கை தூக்குனா எனக்கே கேட்ட மாதிரி இருக்கும். அதனால ஆமான்னு சொன்னேன். அது பொய் இல்லடா." ஸ்பீக்கர் பழுது என்று திரையில் வந்தது. "இத்த இப்படியே உட்டுடு," என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் ஒவ்வொரு தறியாக ஓட்ட ஆரம்பித்தார். அதன்பிறகு நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்குப் போன் அடிக்கிறது. "மச்சான், ஸ்பீக்கர் போச்சுங்கறாரு." சீக்கிரம் வைத்துவிடக் கூடாது என்று வாய்க்கு வந்ததைப் பேசுவேன். அரக்கோணம் வண்டி லேட்டு, பையனுக்குப் பரீட்சை, கடைக்கு வந்த ஆள் லேப்டாப்பில் மோர் கொட்டிய கதை. போன வாரம் பேச ஒன்றும் அகப்படவில்லை. "பாவா, அன்னிக்கி அப்படிக் கேட்டதுக்கு என்னை மன்னிச்சிடுங்க," என்றேன். "அக்கா இல்லாம எனக்கும் ஒன்னும் புரியல," என்றேன். "ஆங், ஆங்," என்றார் அவர். ஒரு ஆள் சிபியுவைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்கார்ந்து, சுவரில் இருந்த தாளைப் படித்துச் சிரிக்க ஆரம்பித்தார். நான் போனை வைக்காமல் பேசிக்கொண்டே இருந்தேன்.